அளக்கத் தெரிந்த செல்

உங்கள் கையில் இருக்கும் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குடித்துக்கொண்டே ஒரு சின்னக் கணக்கைக் கேளுங்கள். ஆரோக்கியமான ஒரு பெரியவரின் உடலில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். வெறும் வயிற்றில் இருக்கும்போது அந்த 5 லிட்டரிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே நான்கைந்து கிராம்தான். ஒரு டீக்கரண்டி அளவு. நாம் டீயில் போடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். அப்படியானால் இந்த இரண்டு கரண்டியிலிருந்து மட்டுமே, ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் குளுக்கோஸுக்கு ஏறக்குறையச் சமமான இன்னொரு பங்கு சற்று நேரத்தில் உள்ளே வந்துவிடுகிறது. பாலில் உள்ள சர்க்கரை தனி, தொட்டுக்கொள்ளும் பிஸ்கட் தனி. ஆனாலும் கணையம் சரியாக வேலை செய்பவருக்கு ரத்தச் சர்க்கரை கொஞ்சம் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. அவர் எதையும் கணக்குப் போடவில்லை. அவருக்காக வேறு யாரோ போட்டார்கள்.

அந்த யாரோதான் பீட்டா செல். வயிற்றுக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரப்பதற்கானது. அதற்குள் அங்கங்கே மணல் துகள் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் முதலில் பார்த்து எழுதினார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு மனிதக் கணையத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் திட்டுகள். ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்தால் கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இருப்பது இந்தத் திட்டுகளில்தான்.

பீட்டா செல்லை ‘இன்சுலின் தயாரிக்கும் செல்’ என்று சொல்லி நிறுத்திவிட்டால் அதன் பெரிய திறமையை விட்டுவிடுகிறோம். அது முதலில் அளக்கிறது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்து எரிகிறது. எரிவதில் கிடைக்கும் ஆற்றல் கூடக்கூட, செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வழி அடைபடுகிறது. அதனால் சுவரின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வந்ததும், ஏற்கெனவே தயாராகச் சேமித்து வைத்திருந்த இன்சுலின் பைகள் உடைந்து ரத்தத்தில் கலக்கின்றன. சில நிமிடங்களில் முதல் அலை, பிறகு நிதானமாக இரண்டாவது அலை. சர்க்கரை இறங்கியதும் கால்சியம் நுழையும் கதவு மூடிக்கொள்கிறது. இப்படிச் சுரக்கும் இன்சுலினின் அளவு ஐந்து நிமிடத்துக்குள் ரத்தத்தில் பாதியாகிவிடுகிறது. ஆகவே நிறுத்த வேண்டும் என்று செல் முடிவெடுத்தால் உண்மையிலேயே நின்றுவிடும்.

ஊசியில் போடும் இன்சுலினுக்கு இந்த நிறுத்தம் கிடையாது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் போட்ட மருந்து மெல்லக் கசிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். விரைவாக வேலை செய்யும் வகையே இப்படித்தான். போட்ட பிறகு சாப்பாடு தாமதமானாலும், பிள்ளை விளையாட ஓடிவிட்டாலும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். லோ சுகர் என்று நாம் சொல்லும் அந்த நிலையில் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போதும் கவனிக்காவிட்டால் நினைவு தப்பும், வலிப்பு வரும், சிலர் உயிரையே இழக்கிறார்கள். பல வருடம் இப்படியே போனவர்களில் சிலருக்கு அந்த நடுக்கமும் வியர்வையும்கூட வருவதில்லை. உடல் எச்சரிப்பதை நிறுத்திவிடுகிறது. தூக்கத்தில் சர்க்கரை 40-க்குப் போனாலும் அவர்களுக்குத் தெரியாது. இந்த மனிதர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவர்களிடம் வருவோம்.

டைப் 1 சர்க்கரை நோய் என்பது பீட்டா செல்களை உடலின் சொந்த எதிர்ப்புப் படையே பகையென்று நினைத்து அழித்துவிடும் நோய். சாப்பாட்டுப் பழக்கத்தால் வருவதல்ல, இனிப்பு கொடுத்ததால் வந்ததும் அல்ல. பிள்ளைக்கு இந்த நோய் வந்த தாய்மார்களிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்ஸனுக்கு இன்சுலின் செலுத்தப்படும்வரை இந்த நோய் வந்த குழந்தைகள் மாதக்கணக்கில் மெலிந்து இறந்தார்கள். பான்டிங், பெஸ்ட், மக்லியட், காலிப் ஆகிய நால்வரின் உழைப்பு அந்த மரணத்தை நிறுத்தியது. ஆனால் அவர்கள் கொடுத்தது செல் தயாரித்த பொருளை. அளக்கும் வேலை நோயாளியின் தலையில் விழுந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் செல்லையே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? இது வெறும் கனவு இல்லை என்று 2000-இல் தெரிந்துவிட்டது. கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாபிரோவின் குழு, இறந்தவர்கள் தானமாகத் தந்த கணையங்களிலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை வழியாக ஏழு நோயாளிகளுக்குச் செலுத்தியது. ஏழு பேருமே இன்சுலின் ஊசியை விட்டார்கள். கணையத்தின் செல்லைக் கல்லீரலில் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கணையத்திலிருந்து கிளம்பும் இன்சுலின் இயல்பாகவே முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல்தான். அறுவை இல்லாமல் ஒரு குழாய் வழியாகவே அங்கே சொட்டுச் சொட்டாகச் செலுத்திவிடவும் முடிகிறது.

சிக்கல் எங்கே என்றால், ஒரு நோயாளிக்கு அவர் எடையில் கிலோவுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் திட்டுகள் தேவைப்பட்டன. பிரித்தெடுப்பதிலேயே பல சிதையும், உள்ளே போனதும் இன்னும் பல அழியும். ஒரே ஆளுக்கு இரண்டு பேரின் கணையம் வேண்டியிருந்தது, சிலருக்கு அதுவும் போதவில்லை. நல்ல கணையம் தானமாகக் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உறுப்பு மாற்றுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் ஊசியே இல்லாமல் தாக்குப்பிடித்திருந்தார்கள். மற்றவர்களில் பலருக்குச் சிறிதளவு செல்கள் மிச்சமிருந்து, ஆபத்தான லோ சுகரிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தன. அதுவே பெரிய விஷயம். இருந்தாலும் உலகத்தில் இருக்கும் டைப் 1 நோயாளிகளுக்கு இந்த வழி போதாது. செல்லை விளைவித்துத்தான் ஆக வேண்டும்.

விளைவிக்க ஒரு விதை வேண்டும். 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்ஸன், செயற்கைக் கருத்தரிப்புக்காக உருவாக்கப்பட்டு மிஞ்சிப்போன, ஐந்தாறு நாளே ஆன கருக்களிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். குருத்தணு என்று தமிழில் எழுதுகிறார்கள். இந்தச் செல்லுக்கு இரண்டு குணம். ஒன்று, சலிக்காமல் பெருகும். இன்னொன்று, உடலில் உள்ள எந்தச் செல்லாகவும் மாறக்கூடியது, இன்னும் எதுவாகவும் மாறாதது. 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் முதிர்ந்த தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் குருத்தணு நிலைக்கே திருப்பினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் இது நடந்தது. 2012-இல் நோபல் பரிசு. கரு தேவையில்லாமலே, நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே தொடங்கலாம் என்ற வழி இப்படித்தான் திறந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஹார்வர்டில் ஆய்வு செய்த டக்ளஸ் மெல்டன். தவளை முட்டை எப்படித் தவளையாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1991-இல் அவருடைய ஆறு மாதக் குழந்தை சாமுக்கு டைப் 1 என்று தெரிந்தது. ஆறு மாதப் பிள்ளைக்கு ஊசி போட்டு, விரலில் குத்தி ரத்தம் பார்த்து, ராத்திரி எழுப்பிப் பாலூட்டி வளர்ப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். தவளையை விட்டுவிட்டுக் கணையத்துக்கு வந்தார் மெல்டன். சில வருடங்கள் கழித்து, 14 வயதில், மகள் எம்மாவுக்கும் அதே நோய் வந்தது.

அவருக்குக் குறுக்கே வந்தது அறிவியல் மட்டுமில்லை. 2001-இல் அமெரிக்க அதிபர் புஷ், புதிதாக உருவாக்கும் கருக் குருத்தணுக்களுக்கு அரசுப் பணம் கிடையாது என்று அறிவித்தார். மெல்டன் தனியார் பணத்தைத் திரட்டினார். அரசுப் பணத்தில் வாங்கிய கருவி எதுவும் அந்த வேலையில் கலந்துவிடக் கூடாது என்பதால் தனிக் கூடமும் தனிக் கருவிகளும் அமைத்துக்கொண்டார். 2004-இல் பதினேழு புதிய குருத்தணு வரிசைகளை உருவாக்கி, கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் பகிர்ந்தார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு தவறான முன்னேற்றத்தை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் அது பாடம். 2001-இல் ஒரு நல்ல ஆய்வுக் குழு, எலியின் குருத்தணுவிலிருந்து இன்சுலின் செல் வந்துவிட்டது என்று எழுதியது. செல்லுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளே இன்சுலின் பளிச்சென்று தெரிந்தது. உலகம் மகிழ்ந்தது. இரண்டு வருடம் கழித்து மெல்டனின் ஆய்வகம் அதே முறையைத் திரும்பச் செய்து பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தது. செல்களை வளர்க்கும் திரவத்தில் ஊட்டமாக இன்சுலின் சேர்ப்பது வழக்கம். செல்கள் அதைக் குடித்து வைத்துக்கொண்டிருந்தன. ஒரு துளிகூடத் தயாரிக்கவில்லை.

அப்படியானால் உண்மையாகத் தயாரிக்கிறதா என்று எப்படி அறிவது? இயற்கை ஒரு ரசீது வைத்திருக்கிறது. பீட்டா செல் முதலில் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் புரதத்தைச் செய்கிறது. பிறகு அதன் இரண்டு முனைப் பகுதிகளையும் இணைத்துவிட்டு, நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து இன்சுலினாக்குகிறது. வெட்டிய அந்தத் துண்டுக்கு சி-பெப்டைடு என்று பெயர். ஒரு இன்சுலின் உருவானால் ஒரு சி-பெப்டைடும் கூடவே வரும். கடையில் வாங்கும் இன்சுலினில் அது கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளியின் ரத்தத்தில் சி-பெப்டைடு தெரிந்தால், அவர் உடலுக்குள் ஏதோ ஒரு செல் சொந்தமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் ஊர் லேப்களிலும் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சமையலுக்கு வருவோம். குருத்தணுவிடம் “பீட்டா செல்லாகு” என்று ஒரே உத்தரவு போட்டால் அது கேட்காது. கருவில் கணையம் எந்த வழியில் உருவானதோ அந்த வழியில், ஒவ்வொரு திருப்பமாக அதை அழைத்துப் போக வேண்டும். தவளை முட்டையின் வளர்ச்சியைப் படித்தவர்கள் இந்த வேலைக்கு வந்தது ஏன் பொருத்தம் என்று இங்கே விளங்கும். முதலில் அதைக் கருவின் உள்ளடுக்காக்க வேண்டும், அதற்கு ஆக்டிவின் என்ற புரதம். சான் டியேகோவில் பிறகு வயாசைட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005-இல் இந்த முதல் படியைச் செம்மையாக்கினார்கள். அடுத்து குடலின் ஆதிக் குழாயாக வேண்டும். அந்தக் குழாயில் நுரையீரலாகப் போகும் இடமும் உண்டு, கல்லீரலாகப் போகும் இடமும் உண்டு. அங்கே ரெட்டினாயிக் அமிலம், அதாவது வைட்டமின் ஏ-வின் உறவு, கணையத்தின் பக்கமாகச் செல்லைத் திருப்புகிறது. அப்போது பி.டி.எக்ஸ்-1 என்ற மரபணு விழிக்கிறது. அதன் இரண்டு பிரதியும் பழுதான குழந்தை கணையமே இல்லாமல் பிறக்கும், அவ்வளவு முக்கியமானது. பிறகு என்.கே.எக்ஸ் 6.1 விழிக்க வேண்டும். அது விழிக்கும் முன் அவசரப்பட்டு அடுத்த மருந்தைச் சேர்த்தால், இன்சுலினையும் வேறொரு ஹார்மோனையும் ஒருசேரச் சுரக்கும் உருப்படாத செல் வந்து நிற்கும். கடைசிப் படிகளில் தைராய்டு ஹார்மோனும் வேறு சில வேதிப்பொருள்களும்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இந்த வேலை புரியும். பதம் வருமுன் மாவைப் போட்டாலும் கெட்டது, பதம் தாண்டினாலும் கெட்டது. இங்கே அப்படி ஆறு பதங்கள், மொத்தம் ஏறக்குறைய ஐந்து வாரம், ஒவ்வொன்றிலும் சேர்க்கும் பொருளும் அளவும் நாளும் வேறு. 2014 அக்டோபரில் மெல்டனின் ஆய்வகம் இதை முழுசாகச் செய்துகாட்டியது. கோடிக்கணக்கான மனித பீட்டா செல்கள், கலக்கிக்கொண்டே இருக்கும் குடுவையில் சிறு சிறு உருண்டைகளாக வளர்ந்தன. குளுக்கோஸ் ஊற்றினால் இன்சுலின் விட்டன, எடுத்தால் குறைத்தன, திரும்ப ஊற்றினால் திரும்ப விட்டன. எலிக்குள் வைத்ததும் இரண்டு வாரத்துக்குள் மனித இன்சுலின் எலியின் ரத்தத்தில் ஓடியது. அதே ஆண்டில் கனடாவின் திமதி கீஃபர் பங்குகொண்ட இன்னொரு குழுவும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வேறு செய்முறையில் வந்து சேர்ந்தது. தனித்தனியாக இருவர் அடைந்த முடிவு என்பதால் நம்பிக்கை கூடியது. மெல்டனின் மகனுக்கு நோய் தெரிந்து அப்போது 23 வருடம்.

அந்தச் செல்கள் குறையில்லாதவை என்று சொல்ல மாட்டேன். குடுவையில் வளர்ந்தவை இயற்கைச் செல்லைவிட இளமையானவை, முதல் அலை மந்தமாக இருந்தது. கூட்டத்தில் சில செல்கள் தவறான வழியில் போய், செரட்டோனின் சுரக்கும் குடல் செல்களைப் போல ஆகியிருந்தன. பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். கலிஃபோர்னியாவில் மத்தியாஸ் ஹெப்ராக், உருண்டைகளைப் பிரித்து இன்சுலின் செல்களை மட்டும் எடுத்துச் சிறு கூட்டமாகத் திரும்பச் சேர்த்தால் அவை இன்னும் முதிர்வதைக் காட்டினார். செயின்ட் லூயிஸில், முன்பு மெல்டனிடம் இருந்த ஜெஃப்ரி மில்மன், செல்லின் உள் சட்டகத்தைச் சரியான நாளில் சிறிது தளர்த்தினால் அது சரியான பாதையைப் பிடிப்பதைக் கண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு எச்சரிக்கை வேண்டும். மாறாத குருத்தணு ஒன்றிரண்டு மிச்சமிருந்து உடலுக்குள் போனால் கட்டியாக வளரக்கூடும். ஆகவே சுத்தம் பார்ப்பது தயாரிப்பதைப் போலவே பெரிய வேலை.

மெல்டன் 2014-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு செம்மா என்று பெயர் வைத்தார். சாம், எம்மா. 2019-இல் வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் அதை 95 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-இல் முதல் நோயாளிக்குச் செல்கள் செலுத்தப்பட்டன. இப்போது அந்தச் சிகிச்சைக்கு ஜிமிஸ்லெசெல் என்று பெயர். வழி எட்மன்டனில் பார்த்ததுதான், கல்லீரலுக்குப் போகும் சிரை. முழு அளவு என்றால் 80 கோடி செல்கள்.

யாருக்குக் கொடுத்தார்கள் என்பது முக்கியம். முன்னால் சொன்னேனே, லோ சுகர் வருவதே தெரியாதவர்கள், அடிக்கடி நினைவு தப்பியவர்கள், அவர்களுக்குத்தான். 2025 ஜூனில் முடிவுகள் வெளியாகின. முழு அளவு பெற்று ஒரு வருடம் ஆன 12 பேரில் ஒருவருக்கும் அந்தக் கடுமையான லோ சுகர் திரும்பவில்லை. 12 பேருக்கும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஏழுக்குக் கீழே வந்தது. பத்துப் பேர் இன்சுலின் ஊசியையே விட்டுவிட்டார்கள். தொடங்கும்போது சி-பெப்டைடே இல்லாதிருந்த உடல்களில் அது தோன்றியது, சாப்பிட்டால் ஏறியது. இன்னொருவர் கணையத்துக்காகக் காத்திராமல், தொட்டியில் விளைந்த செல் மனித உடலுக்குள் உட்கார்ந்து அளக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கியது. மருத்துவத்தில் இந்த மாதிரி நாள்கள் அடிக்கடி வருவதில்லை.

ஆனால் இதே அறிக்கையில் இரண்டு மரணங்களும் உண்டு. சோதனையில் இருந்த 14 பேரில் ஒருவர் மூளையுறையைத் தாக்கும் பூஞ்சைத் தொற்றில் இறந்தார். மற்றவர், முன்பே இருந்த நினைவுக் கோளாறு முற்றி இறந்தார். முதல் மரணத்தை நான் கடந்துபோக மாட்டேன். வேறொருவரின் கருவிலிருந்து வந்த செல் என்பதால் உடல் அதை எதிர்க்கும். அதைத் தடுக்க எதிர்ப்பு ஆற்றலையே அடக்கும் மருந்துகளை விடாமல் சாப்பிட வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் அதே வகை. அந்த மருந்துகள் தொற்றுக்குக் கதவைத் திறக்கும், சிலவகைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும். அவற்றில் முக்கியமான டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பீட்டா செல்லுக்கே நஞ்சாகும். தூக்கத்தில் இறந்துவிடலாம் என்ற பயத்தோடு வாழ்பவருக்கு இந்த விலை சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு, ஊசியும் சென்சாரும் வைத்து ஓரளவு சமாளிக்கும் பிள்ளைக்கு, இந்த விலையைக் கொடுக்கச் சொல்ல என் மனம் ஒப்பாது. நான் பார்த்தவரை இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே செய்தால் எதிர்ப்பு வராதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் 1980-களிலேயே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது, வருத்தமான பதில். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு டைப் 1, மற்றவர் நலம். நலமாக இருந்தவர் தன் கணையத்தில் ஒரு பகுதியைத் தந்தார். இருவருக்கும் மரபணு ஒன்றே, உடல் அதை அந்நியம் என்று நினைக்க வழியில்லை. அதனால் அடக்கும் மருந்து இல்லாமலே வைத்தார்கள். கணையம் பிழைத்தது, பீட்டா செல்கள் மட்டும் அழிந்தன. பல வருடத்துக்கு முன் அந்தச் செல்லைக் கொன்ற படை இன்னும் மறக்கவில்லை. டைப் 1 உடலில் காவல் இரண்டு பக்கமும் வேண்டும். அந்நியச் செல் என்பதற்கான எதிர்ப்பு ஒன்று, பீட்டா செல் என்பதற்காகவே வரும் எதிர்ப்பு இன்னொன்று.

2024-இல் சீனாவிலிருந்து வந்த செய்தியை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹோங்குய் குழுவும் தியான்ஜின் நகர மருத்துவர்களும் 25 வயதுப் பெண்ணின் கொழுப்புத் திசுவிலிருந்து செல் எடுத்து, மரபணு எதையும் நுழைக்காமல் வேதிப்பொருள்களாலேயே அதைக் குருத்தணுவாக்கி, திட்டுகளாக வளர்த்தார்கள். வைத்த இடமும் புதிது, வயிற்றுச் சுவரின் தசையுறைக்குள். அங்கே ஸ்கேனில் பார்க்கலாம், தேவைப்பட்டால் எடுக்கலாம். 75 நாளில் அவர் ஊசியை விட்டார். அழகான வேலை. ஆனால் அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று செய்துகொண்டவர், அதற்காக அடக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஆகவே பழைய படை திரும்பி வந்திருக்குமா என்ற கேள்விக்கு அவர் உடல் பதில் சொல்ல முடியாது. நாளிதழ் தலைப்புகளில் இந்த ஒரு வரி விடுபட்டுப்போனது.

செல்லை ஒரு சின்னப் பைக்குள் அடைத்து வைத்துவிடலாமே, சர்க்கரையும் இன்சுலினும் போய்வரட்டும், எதிர்ப்புப் படை உள்ளே வராதிருக்கட்டும் என்ற யோசனையும் பழையதுதான். வயாசைட் 2014-இலேயே மனிதரில் முயன்றது. பையைச் சுற்றி உடல் நாரிழை கட்டி மூடிவிட்டது, உள்ளே இருந்த செல்களுக்கு ஆக்சிஜன் போகவில்லை. வெர்டெக்ஸும் தன் செல்களைத் தனிச் சாதனத்தில் வைத்துப் பார்த்து, 2025-இல் அந்த முயற்சியை நிறுத்திவிட்டது. பீட்டா செல் பெரிய உழைப்பாளி, அதற்கு ரத்தம் பக்கத்திலேயே ஓட வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது மூன்றாவது வழி, செல்லையே எதிர்ப்புப் படையின் கண்ணுக்குத் தெரியாததாக்குவது. ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் அடையாளச் சீட்டு ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறது. மரபணுத் திருத்தத்தால் அந்தச் சீட்டுகளை எடுத்துவிடலாம். சீட்டே இல்லாத செல்லைச் சந்தேகித்துக் கொல்ல வேறொரு படை உண்டு. அதைச் சமாதானப்படுத்த ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் சிடி-47 புரதத்தை அதிகமாக்கிவிடலாம். 2024 இறுதியில் ஸ்வீடனின் உப்சாலாவில், பல வருடமாக டைப் 1 உள்ள ஒருவருக்கு இப்படித் திருத்திய செல்களை முன்கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மருந்து ஒன்றும் தரவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்தும் செல்கள் உயிரோடு இருந்தன, சாப்பிட்டபோது சி-பெப்டைடு ஏறியது. வைத்த அளவு சிறியது, அவர் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவை தானமாகப் பெற்ற கணையத்தின் செல்கள், குருத்தணுவில் விளைந்தவை அல்ல. ஒரே ஒரு மனிதர். இருந்தாலும் திருத்தாத செல்கள் அழிந்த இடத்தில் முழுதாகத் திருத்தியவை மட்டும் பிழைத்தன என்பது சாதாரணமில்லை. இதே திருத்தத்தைக் குருத்தணுவில் ஒரு தடவை செய்துவிட்டால் அதிலிருந்து விளையும் எல்லாச் செல்லும் அந்தக் குணத்தோடு வரும். அடுத்த முயற்சி அதுதான்.

டைப் 2 உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தெருவில் நிறையப் பேர் நீங்கள்தான். பெரும்பாலும் உங்கள் பீட்டா செல்கள் இருக்கின்றன, களைத்திருக்கின்றன. உடல் இன்சுலினுக்கு மசியாததுதான் முதல் பிரச்சினை. ஆகவே இந்த ஆராய்ச்சி முதலில் உங்களுக்கானதல்ல. நடையும் உணவும் மாத்திரையும் உங்களுக்கு இன்று செய்யும் நன்மையை எந்தக் குடுவையும் செய்யாது.

பெற்றோர்களிடம் மட்டும் இன்னும் சற்று உட்காரச் சொல்வேன். ‘ஸ்டெம் செல் சிகிச்சையால் சர்க்கரை நோய் குணம்’ என்று விளம்பரங்கள் வருகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த செல்லை ரத்தத்தில் ஏற்றுகிறோம் என்பார்கள், லட்சங்களில் கேட்பார்கள். ஐந்து வாரம், ஆறு பதம் என்று இவ்வளவு நேரம் பேசினோமே, அந்தப் பாதையில் நடக்காத செல் எதுவும் உடலுக்குள் போனதும் தானாகப் பீட்டா செல்லாகிவிடாது. ஃப்ளோரிடாவில் டைப் 1 குழந்தைகளுக்கு அவர்களுடைய சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றிப் பார்த்தார்கள். சி-பெப்டைடு சரிவதை அது தடுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற எந்த ஸ்டெம் செல் பயன்பாடும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

யாராவது உங்களிடம் இந்தச் சிகிச்சையைப் பேசினால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன செல், எங்கிருந்து எடுத்து எப்படி மாற்றியது? முன்னும் பின்னும் சி-பெப்டைடு எவ்வளவு? எதிர்ப்புப் படையிலிருந்து அதை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் என்ன சொன்னாலும், பிள்ளையின் இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். டைப் 1 உடலில் இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தம் அமிலமாகிப் பிள்ளை ஐ.சி.யூ.வுக்குப் போகும்.